மருந்து வைத்த பல்லை வரிசையில் நிறுத்தாதீர்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் அரச பல் வைத்திய சேவைக்குப் பொறுப்பானவர்களுக்கும், விசேட வைத்திய நிபுணர்களுக்கும், கிளினிக் திகதிகளைத் தீர்மானிப்பவர்களுக்கும்,

எங்கள் பக்கத்து அரச வைத்தியசாலையொன்றின் பல் கிளினிக் கதவில் போன மாதம் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டது. நிரந்தரப் பற்களுக்கான வேர்ச்சிகிச்சை, அதாவது செத்த நரம்பை எடுத்து வேரைச் சுத்தம்செய்து நிரப்புவது, இனி மாதத்தில் ஒரு நாள்தான். ஏற்கனவே பல்லுக்குள் மருந்து வைத்திருப்பவர்களும் புதிதாக வருபவர்களும் ஒரே வரிசையில் நம்பர் எடுக்க வேண்டும். வலியோடு வருபவர்களுக்கு முதலிடம். வலி இல்லாதவர்கள் அடுத்த மாதத் திகதியைப் பெற்றுக்கொள்ளலாம்.

அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டுச் சும்மா வீட்டுக்கு வர என்னால் முடியவில்லை.

பல்லுக்குள் மருந்து இருக்கும் பிள்ளைக்கு வலி இருக்காது. வலியை நிறுத்தத்தான் அந்த மருந்தை வைத்தீர்கள். இப்போது வலி இல்லை என்பதையே காரணமாகக் காட்டி அந்தப் பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளுகிறீர்கள். ஆனால் வேர் வளர்ந்து முடியாத ஒரு பல்லுக்குள் அந்த மருந்து மாதக்கணக்கில் இருந்தால் அந்த வேர் பலமிழக்கும். இது உங்களுக்குத் தெரியாத விஷயமில்லை. பல் வைத்தியம் படித்த எல்லோருக்கும் தெரிந்தது. திகதி போடும் மேசைக்கு மட்டும்தான் அது இன்னும் வந்து சேரவில்லை.

நான் படுவான்கரையில் ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். பல் வைத்தியர் இல்லை. ஆனால் என் மகனின் முன்பல்லுக்குள் ஒரு வருடத்துக்கும் மேலாக இருந்தது நான் வகுப்பில் படிப்பிக்கிற ஒரு சேர்வை: கல்சியம் ஐதரொட்சைட்டு. நீர்த்த சுண்ணாம்பு. நம் ஊரில் வெற்றிலைக்குப் பூசுவதும் அதே சேர்வைதான். சுண்ணாம்பு கொஞ்சம் கூடிப்போனால் வாய் வெந்துபோகும் என்று நம் அம்மம்மாக்களுக்குத் தெரியும். பல்லுக்குள் வைப்பது அதன் தூய வடிவம், பசையாகக் குழைத்தது. அதன் பி.எச். பெறுமானம் ஏறத்தாழ 12.5.

மகனுக்கு அப்போது எட்டு வயது. இல்ல விளையாட்டுப் போட்டிக்கு அஞ்சலோட்டம் பழகினார்கள். கோலை வாங்கத் திரும்பியவன் மற்றப் பிள்ளையின் தலையோடு மோதிவிட்டான். மேல்வரிசை முன்பல் ஒன்று ஆடியது, விழவில்லை. சில கிழமைகளில் பல் சாம்பல் நிறமாகி, முரசில் சீழ்க் கொப்புளம் ஒன்று வந்தது. பாடசாலைப் பல் கிளினிக்கில் இருந்த தெரபிஸ்ட் மிஸ் பார்த்தவுடனேயே துண்டு எழுதி வைத்தியசாலைக்கு அனுப்பினார். அவருக்கு இன்றும் நன்றியுடையவளாக இருக்கிறேன்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டொக்டர், "டீச்சர், இவருக்கு வேரின்ர நுனி இன்னும் மூடயில்ல. சுவரும் மெல்லிசு. இப்ப மருந்து வெச்சு விடுறம், பிறகு நுனிய மூடிப்போட்டு நிரப்புவம்" என்றார். அதில் ஒரு பிழையும் இல்லை. மேல் முன்பற்கள் ஏழெட்டு வயதில் முளைக்கும். வேர் முழுதாக வளர்ந்து நுனி மூட அதன்பிறகு மூன்று வருடமளவில் எடுக்கும். அந்த இடைவெளியில் அடிபட்டு உள்ளே நரம்பு செத்துவிட்டால் வேரின் வளர்ச்சி அந்த நிலையிலேயே நின்றுவிடும். சுவர் மெல்லியதாகவும் நுனி அகலமாகத் திறந்தும் இருக்கிற வேரை வழமையான முறையில் நிரப்ப முடியாது, நிரப்பும் பொருள் வெளியே தள்ளப்பட்டுவிடும். அதனால் முதலில் கிருமியைக் கொல்ல வேண்டும், பிறகு நுனியில் ஒரு தடுப்பு உண்டாக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் நிரப்பலாம்.

மருந்து வைத்தார்கள். சீழ் வற்றியது, வலி போனது. அதற்குப் பிறகுதான் திகதிகள் தள்ளிப் போகத் தொடங்கின. ஒருமுறை நிபுணர் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார், பதிலுக்கு ஆள் வரவில்லை. ஒருமுறை எக்ஸ்ரே மெஷின் பழுது. இன்னொருமுறை நுனியை மூடுகிற சீமெந்து கையிருப்பில் இல்லை, வெளியில் வாங்கலாமா என்று கேட்டார்கள். வாங்கத் தயார் என்று சொன்னபோது, அதைச் செய்கிற டொக்டர் அன்றைக்கு லீவு. நடுவில் ஒருமுறை பல்லைத் திறந்து, பழைய மருந்தைக் கழுவி, அதே மருந்தைப் புதிதாக வைத்து மூடிவிட்டார்கள். கிளினிக் கொப்பியில் பழைய திகதிகளை வெட்டிவிட்டு எழுதிய புதுத் திகதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. எல்லாப் பக்கங்களையும் போட்டோப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்.

ஒவ்வொரு தடவையும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்.

"வலி இருக்கா?"

"இல்ல."

"அப்ப பிரச்சினையில்ல டீச்சர். மருந்து உள்ளதானே கிடக்கு."

இந்த மடல் முழுக்க அந்த ஒரு வசனத்துக்கு எதிராக எழுதப்படுவது.

பல் உடைந்தது ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்தபோது. அதுவும் நன்றாகக் கனிந்த பழம். முரசோடு ஒட்டிய இடத்தில், குறுக்காக. இரத்தம்கூட அதிகம் வரவில்லை. மேல்பாகம் அவன் கையில் இருந்தது, வேர் உள்ளே நின்றுவிட்டது. அந்த வேரைக் காப்பாற்ற வழியில்லை என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். தாடை வளர்ந்து முடியும் வரை அந்த இடத்தில் செயற்கை வேர் பதிக்க முடியாது. என் மகனுக்கு அதற்கு இன்னும் பல வருடங்கள் இருக்கின்றன. அதுவரை கழற்றிப் பூட்டுகிற பல்தான். தாடை வளர வளர அதையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வேர் இல்லாத இடத்தில் எலும்பும் மெலிந்துகொண்டு போகும். பாடசாலைக் கூத்தில் அவனுக்கு ஒரு கட்டியகாரன் வேடம் கிடைத்திருந்தது. வெண்கலக் குரல் என்று கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரே தேடி வந்து தெரிவு செய்திருந்தார். 'ச'வும் 'த'வும் காற்றாகப் போகிறது என்று சொல்லி அவன் தானாகவே விலகிக்கொண்டான். நானும் அவனுடைய அப்பாவும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம்.

எழுத்தில் முறைப்பாடு செய்தேன். வந்த பதிலின் சாரம் இது: நரம்பு எடுத்த பற்கள் உடைவது வழமை, சிகிச்சையில் தவறில்லை.

வழமை என்பதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். பல்லின் நடுவில் ஒரு துளையிட்டு நரம்பை எடுப்பதால் மட்டும் பல் அவ்வளவு பலவீனமாவதில்லை. 1989இல் வெளியான, பல் வைத்தியர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிற ஓர் ஆய்வு, வேர்ச்சிகிச்சைக்காகத் துளையிடுவதால் பல்லின் விறைப்பு 5 வீதமளவில்தான் குறைகிறது என்று அளந்து காட்டியது. சூத்தை விழுந்து இரண்டு பக்கச் சுவர்களும் போனால்தான் 63 வீதம் குறைகிறது. என் மகனுக்குச் சூத்தை இல்லை. பல்லின் சுவர் எதுவும் போகவில்லை. பின்பக்கம் ஒரு சிறு துளை, உள்ளே மருந்து, மேலே தற்காலிக அடைப்பு, அவ்வளவுதான்.

அப்படியென்றால் அந்த வேர் ஏன் முறிந்தது? உங்களுக்குத் தெரியும். ஆனால் இந்த மடலைப் படிக்கிற மற்றப் பெற்றோருக்கும் தெரிய வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

பல்லின் வெளியே தெரிகிற வெள்ளை எனாமல் ஒரு மெல்லிய போர்வைதான். வேரில் அதுவும் கிடையாது. பல்லின் உடம்பு முழுக்க டென்டின். நிறையில் ஏறத்தாழ 70 வீதம் கனிமம், 20 வீதம் சேதனப் பொருள், 10 வீதம் நீர். அந்த 20 வீதத்தில் பெரும்பகுதி கொலாஜன் என்கிற புரத நார். வீடு கட்டும்போது கொங்கிரீட்டுக்குள் கம்பி போடுகிறோமே, டென்டினுக்குள் கொலாஜன் செய்கிற வேலை அதுதான். கனிமம் மட்டும் இருந்தால் அமுக்கத்தைத் தாங்கும், வளைந்தால் படீரென்று முறியும். கொலாஜன் இருப்பதால்தான் பல் கொஞ்சம் வளைந்து கொடுத்து மீள்கிறது. அந்த நாரும் கனிமமும் ஒன்றையொன்று இறுகப் பிடித்திருக்க வேண்டும். இடையில் அப்படிப் பிடித்து வைத்திருப்பவையும் அமிலத் தன்மையுள்ள புரதங்கள், புரோட்டியோகிளைக்கன்கள் போன்ற சேதனப் பொருட்கள்தான்.

கல்சியம் ஐதரொட்சைட்டு கிருமியைக் கொல்வது அதன் காரத்தால். ஐதரொட்சைட்டு அயன் கிருமியின் மென்சவ்வைச் சிதைக்கும், புரதத்தின் அமைப்பைக் குலைக்கும். அது நல்லது. ஆனால் அந்த அயனுக்குக் கிருமியின் புரதம் எது, பிள்ளையின் பல்லில் உள்ள புரதம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. டென்டினின் நுண்குழாய்கள் வழியாக அது மெதுவாக உள்ளே ஊறிப் போகும். நாருக்கும் கனிமத்துக்கும் இடையிலான பிடியை நாள்பட நாள்படத் தளர்த்தும். ஒரு கிழமை இரண்டு கிழமையில் அது பெரிய விஷயமாகாது. மாதக்கணக்கில் இருந்தால், அதுவும் சுவர் மெல்லிய, வேர் வளர்ந்து முடியாத பல்லில் இருந்தால், பெரிய விஷயம்தான்.

இது நேற்று வந்த கண்டுபிடிப்பில்லை. சுவீடனைச் சேர்ந்த மியோமிர் ஸ்வெக், அடிபட்டு நரம்பு செத்த மேல் முன்பற்களுக்கு இந்த மருந்தை வைத்துச் சிகிச்சை செய்த பதிவுகளைத் திரட்டி 1992இல் வெளியிட்டார். வேர் மிகக் குறைவாக வளர்ந்திருந்த பற்களில் 77 வீதமானவை முரசோடு ஒட்டிய கழுத்துப் பகுதியில் முறிந்திருந்தன. வேர் அதிகம் வளர்ந்திருந்தவற்றில் அது 28 வீதம். பத்து வருடம் கழித்து, 2002இல், டென்மார்க்கின் ஜென்ஸ் ஆன்ட்ரீசனும் அவருடைய குழுவினரும் வளர்ச்சி முடியாத செம்மறியாட்டுப் பற்களுக்குள் இந்த மருந்தை வைத்து, அரை மாதம் முதல் ஒரு வருடம் வரை வெவ்வேறு காலத்துக்கு விட்டு, பிறகு உடைத்துப் பார்த்தார்கள். மருந்து இருந்த காலம் கூடக்கூட உடைக்கத் தேவையான விசை குறைந்தது. ஏறத்தாழ ஒரு வருடத்தில் பலம் பாதியாகிவிடும் என்பது அவர்களின் முடிவு. என் மகனின் பல் உடைந்தது மருந்து வைத்து ஒரு வருடம் தாண்டிய பிறகு.

எல்லா ஆய்வாளர்களும் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். முறிவுக்கு முக்கிய காரணம் சுவர் மெல்லியதாக இருப்பதுதான், மருந்தின் பங்கு குறைவு என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். சரி, அவர்கள் சொல்வதையே வைத்துக்கொள்வோம். அப்போதும் கேள்வி மாறுவதில்லை. மெல்லிய சுவருள்ள ஒரு வேரை உள்ளே ஒரு தாங்கலும் இல்லாமல், பசை மருந்தை மட்டும் வைத்து, மேலே தற்காலிக அடைப்போடு மாதக்கணக்கில் ஏன் விட வேண்டும்? மருந்து குற்றவாளியா, சுவர் குற்றவாளியா என்பதை ஆய்வுகூடங்கள் தீர்த்துக்கொள்ளட்டும். இரண்டில் எது சரியென்றாலும் தாமதம் பிழை.

இன்னொன்றும் இருக்கிறது. தற்காலிக அடைப்பு தேய்ந்து கசியத் தொடங்கினால் அந்த மருந்து மருந்தாகவே இருக்காது. காபனீரொட்சைட்டோடு சேர்ந்து கல்சியம் காபனேற்றாக மாறிவிடும். உயர்தரம் படிக்கிற எந்தப் பிள்ளையிடமும் அந்தத் தாக்கத்தின் சமன்பாட்டைக் கேளுங்கள், எழுதித் தரும். அப்படியானால் கிருமியைக் கொல்கிற குணம் போய்விடும், பலவீனமான பல் மட்டும் மிஞ்சும்.

இந்த மருந்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1920இல் ஹேர்மன் என்கிற ஜெர்மன் பல் வைத்தியர் இதை அறிமுகப்படுத்திய நாளிலிருந்து எத்தனையோ பற்களைக் காப்பாற்றியிருக்கிறது. முந்திய காலத்தில் திறந்த வேர்நுனியை மூட இதைவிட்டால் பெரிதாக வேறு வழியும் இருக்கவில்லை. ஆறு மாதம், ஒன்றரை வருடம் என்று மருந்தை மாற்றி மாற்றி வைத்து, நுனியில் தானாக ஒரு கடினமான தடுப்பு உருவாகும் வரை காத்திருந்தார்கள். அன்றைக்கு அதுதான் சரியான வைத்தியம். அந்த நிலைமை மாறிப் பல காலமாகிவிட்டது. அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் டொராபினெஜாத் குழுவினர் உருவாக்கிய எம்.டி.ஏ. என்கிற சீமெந்து 1990களிலேயே பாவனைக்கு வந்துவிட்டது. ஈரத்திலும் இறுகக்கூடியது. கிருமியை அடக்கிய பிறகு வேர்நுனியில் சில மில்லிமீற்றர் தடிப்புக்கு அதை அடைத்தால், இறுகியதும் மிச்ச இடத்தை நிரப்பிவிடலாம். கழுத்துப் பகுதிக்குப் பல்லோடு ஒட்டுகிற கொம்போசிட் என்கிற நிரப்புப் பொருளை உள்ளே இறக்கினால் முறிகிற இடத்துக்கே ஒரு தாங்கல் கிடைக்கிறது. மாதக்கணக்கில் இழுபட்ட வேலை கிழமைக்கணக்கில் முடிந்துவிடும். பயோடென்டின் போன்ற வேறு சீமெந்துகளும் இப்போது இருக்கின்றன.

பற்காயங்களுக்கான சர்வதேசச் சங்கம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலைப் பாருங்கள். வேர் வளர்ந்து முடிந்த பல் அடிபட்டு முழுதாகக் கழன்று, திரும்பப் பொருத்தப்பட்டால், அதற்கு இந்த மருந்தை ஒரு மாதம் வரை வைக்கலாம், அதற்குப் பிறகு வேரை நிரப்ப வேண்டும் என்று அது சொல்கிறது. ஒரு மாதம் வரை என்று ஓர் எல்லையை அவர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் கிளினிக் கொப்பிகளில் அப்படி ஓர் எல்லை எங்கேயும் இல்லை.

என் மகனின் கதை மட்டும் என்றால் நான் இதைப் பகிரங்கமாக எழுதியிருக்க மாட்டேன். அந்த வாங்கில் உட்கார்ந்திருந்த காலத்தில் பலரைச் சந்தித்தேன். அக்கரைப்பற்றுப் பக்கமிருந்து ஒரு வாப்பா தன் மகளோடு வருவார். வேளாண்மைக் கூலி வேலை. வெட்டுக் காலத்தில் ஒரு நாள் விட்டால் அந்த நாள் சம்பளம் போய்விடும், ஆனாலும் வருவார். "டீச்சர், மருந்து வெச்சாச்சு, இனிப் பயமில்ல எண்டுதான் சொன்னாங்க" என்பார். அந்தப் பிள்ளையின் பல்லில் மருந்து வைத்து எத்தனை மாதம் என்று அவருக்கும் தெரியாது, கொப்பியிலும் தெளிவாக இல்லை. திகதிகள் இருந்தன, என்ன மருந்து என்று எழுதப்படவில்லை.

என் பாடசாலையிலேயே ஒரு மாணவி இருக்கிறாள். அவளுக்கு வைத்தது வேறு மருந்து. மூன்று அன்ரிபயோட்டிக் சேர்த்த பசை. மெட்ரோனிடசோல், சிப்ரோபுளொக்சசின், மினோசைக்கிளின். கிருமியைக் கொல்வதில் நல்ல பெயர் எடுத்தது. ஆனால் அது அமிலத் தன்மையுடையது. அதிலுள்ள மினோசைக்கிளின் கல்சியத்தைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும், பல்லை நிறம் மாற்றிவிடும். தடித்த பசையாகக் குழைத்து நீண்ட காலம் விட்டால் டென்டினின் மேற்படை கனிமத்தை இழந்து மென்மையாகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அமெரிக்க வேர்ச்சிகிச்சை நிபுணர் சங்கம் ஒரு மில்லிலீற்றரில் 1 முதல் 5 மில்லிகிராம் என்கிற மிகக் குறைந்த செறிவைத்தான் பரிந்துரைக்கிறது. அதுவும் ஒன்று முதல் நான்கு கிழமைக்கு. அந்த மாணவிக்குப் பசை எந்தச் செறிவில் கலக்கப்பட்டது, எவ்வளவு காலம் இருந்தது என்று கேட்டால் சொல்ல யாரிடமும் பதிவு இல்லை. பல் சாம்பல் பூத்ததுபோல் ஆகிவிட்டது. படம் எடுக்கும்போது கையால் வாயை மூடுகிறாள்.

காரம் கொலாஜன் பக்கத்திலிருந்து தாக்குகிறது, இந்தப் பசை கனிமப் பக்கத்திலிருந்து. வேரைக் கழுவப் பாவிக்கிற சோடியம் ஐப்போகுளோரைட்டு, ஈ.டி.ரி.ஏ. ஆகியவற்றுக்கும் இதே இரண்டு குணங்களும் உண்டு. ஆனால் அவை நிமிடக்கணக்கில் உள்ளே இருந்துவிட்டு வெளியே வந்துவிடுகின்றன. ஈ.டி.ரி.ஏ.யை ஒரு நிமிடத்துக்குப் பதில் பத்து நிமிடம் விட்டால் டென்டின் அரிக்கப்படுகிறது என்று படித்து, அந்த நிமிடங்களைக் கவனமாகப் பார்க்கிறீர்கள். நிமிடத்தைக் கவனிக்கத் தெரிந்த ஒரு துறையால் மாதத்தைக் கவனிக்க முடியாது என்று என்னால் நம்ப முடியவில்லை.

இங்கே செய்ய வசதியில்லை, பேராதனைக்கோ கொழும்புக்கோ போங்கள் என்று சிலரிடம் சொல்லப்படுகிறது. போகலாம். செங்கலடி, மகாஓயா, மகியங்கனை என்று பஸ்ஸில் மலையேறிப் பேராதனை பல் வைத்தியசாலைக்குப் போகலாம். இரவு ரயிலில் கொழும்புக்குப் போய் வார்ட் பிளேஸ் பல் வைத்தியசாலையில் வரிசையில் நிற்கலாம். நான் ஆசிரியை, லீவு எடுக்கலாம், சம்பளம் வெட்டப்படாது. அந்த வாப்பாவால் முடியுமா? மகளோடு போய்வரும் பஸ் காசு, சாப்பாடு, தங்குமிடம், இழக்கிற கூலி எல்லாம் சேர்ந்தால் அந்தப் பல்லை இழுத்து எடுத்துவிடுவது மலிவு என்றாகிவிடுகிறது. அவரைப்போல எத்தனை பெற்றோர் அப்படியே முடிவெடுத்துவிட்டார்கள் என்று யாராவது பார்த்தீர்களா? 2022இல் மருந்தும் எரிபொருளும் இல்லாமல் நாடே தவித்தபோது நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கவும் கூடாது. இன்றைக்கு அதையே காரணமாகச் சொல்ல முடியாது. ஒரு பிள்ளையின் வேர்நுனிக்குத் தேவைப்படுவது ஒரு சிறு பொதிச் சீமெந்துதான்.

கிளினிக்கில் வேலை செய்கிறவர்களுக்கு எதிராக நான் எழுதவில்லை. காலையிலிருந்து கழுத்தை வளைத்து நின்று பல் பிடுங்குகிற டொக்டரையும், ஒரே நேரத்தில் நம்பர் கொடுத்துக் கருவியும் கழுவி எடுக்கிற உதவியாளரையும் கண்ணால் கண்டிருக்கிறேன். அவர்கள் கையில் இல்லாத ஒன்றைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

முதலாவது, அந்த அறிவித்தலை எடுத்துவிடுங்கள். பல்லுக்குள் மருந்து வைத்திருக்கும் பிள்ளை புதிய நோயாளி அல்ல, வலி இல்லாததால் காத்திருக்கக்கூடியவரும் அல்ல. வேர் வளர்ச்சி முடியாத பல்லில் மருந்து வைத்தவர்களுக்குத் தனிப் பதிவேடும் தனி நேரமும் வேண்டும். கிளினிக் நடக்காமல் போனால் அவர்களுக்கு அடுத்த மாதத்தைத் தராதீர்கள். அடுத்த கிழமையே கூப்பிடுங்கள். எல்லோரிடமும் போன் இருக்கிறது, நம்பரைக் கொப்பியிலேயே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

இரண்டாவது, கொப்பியில் மூன்று விஷயங்கள் கட்டாயம் எழுதப்பட வேண்டும். வைத்த மருந்தின் பெயர், வைத்த திகதி, எந்தத் திகதிக்கு மேல் அது உள்ளே இருக்கக்கூடாது என்பது. அன்ரிபயோட்டிக் பசை என்றால் அதன் செறிவும். தாய் தகப்பன் படிக்கிற மொழியில் எழுதுங்கள். அந்தக் கடைசித் திகதி எங்கள் கையில் இருந்தால் கிளினிக் மறந்தாலும் நாங்கள் மறக்க மாட்டோம்.

மூன்றாவது, மட்டக்களப்பிலும் கல்முனைப் பக்கத்திலும் தலா ஓர் அரச வைத்தியசாலையிலாவது எம்.டி.ஏ. அல்லது அதற்கு இணையான சீமெந்து எந்த நேரமும் கையிருப்பில் இருக்க வேண்டும். அதை வைக்கப் பயிற்சி பெற்ற பல் வைத்தியர் ஒருவர் இருக்க வேண்டும். அவர் லீவு எடுத்தால், இடமாற்றம் பெற்றால், அந்த வேலையை யார் செய்வது என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். பெற்றோரை வெளியில் வாங்கி வரச் சொல்லும் வழக்கம் நிற்க வேண்டும்.

இங்கே முடியாத பிள்ளையைப் பேராதனைக்கோ கொழும்புக்கோ அனுப்புவதென்றால், வெறும் துண்டோடு அனுப்பாதீர்கள். அங்கே பேசி, திகதியை உறுதிசெய்து, மருந்து உள்ளே இருக்கக்கூடிய காலத்துக்குள் அந்தத் திகதி விழுகிறதா என்று பார்த்து அனுப்புங்கள். வசதியில்லாத குடும்பத்துக்குப் போக்குவரத்துச் செலவைக் கொடுக்க ஒரு வழி செய்யுங்கள்.

கடைசியாக ஒரு கணக்குக் கேட்கிறேன். இந்த இரண்டு மாவட்டங்களின் அரச பல் கிளினிக்குகளில், இன்றைய திகதியில், ஒரு மாதத்துக்கு மேலாக வேருக்குள் மருந்தோடு காத்திருக்கும் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எத்தனை பேர்? கொப்பிகளைத் திறந்து எண்ணி, அந்தத் தொகையைப் பகிரங்கமாக வெளியிடுங்கள். அவர்கள் எல்லோரையும் இந்தத் தவணை முடிவதற்குள் கூப்பிட்டு எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். அந்த அக்கரைப்பற்றுப் பிள்ளையின் பல் இன்னும் உடையவில்லை, அவளிலிருந்து தொடங்கலாம். ஒரு மாதத்துக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இதே கேள்வியை விண்ணப்பமாகத் தருவேன். என்னோடு கையெழுத்திட வேறு பெற்றோரும் தயாராக இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
படுவான்கரையிலிருந்து ஒரு தாய், இரசாயனவியல் ஆசிரியை